பழைய எனாமல், தகர விளம்பரப் பலகைகள்: செய்த ஆலையையும் காலத்தையும் கண்டறியும் முறை

பழைய விளம்பரப் பலகை ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் பார்ப்பது அதில் எழுதியிருக்கும் பொருளின் பெயரைத்தான். சோப்பா, தேயிலையா, பெட்ரோலா என்பதைப் பொறுத்தே கடைக்காரரும் விலை சொல்கிறார். ஆனால் அந்தப் பலகை எந்த ஊரில், எந்தக் காலத்தில், எவ்வகை வேலைப்பாட்டில் உருவானது என்பதை அறிய விரும்புகிறவர் கீழ் விளிம்பில் மிகச் சிறிய எழுத்தில் நிற்கும் இன்னொரு பெயரைத் தேட வேண்டும். அது பலகையைச் செய்த ஆலையின் பெயர். அதைக் கண்டபின்னும் தேடல் முடிவதில்லை. தகட்டின் கனம், பூச்சின் அடுக்குகள், துளைகளின் ஓரம், பின்புறத்தின் நிறம் ஆகிய யாவும் அந்தப் பெயரோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே அதை நம்பலாம். பெயரை யாரும் எழுதிவிட முடியும்; உலைக்குள் பலமுறை சென்று வந்த தகட்டின் உடம்பைப் போலச் செய்வதற்குத்தான் செலவும் திறமையும் வேண்டும்.

இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் பிரிட்டிஷ் பலகைகளைப் பற்றியது. இத்தொழில் பெருந்தொழிலாக வளர்ந்த இடங்களுள் அந்நாடு முதன்மையானது என்பது ஒரு காரணம். நம் ஊர்ச் சந்தைகளில் கிடைக்கும் பழைய பலகைகளில் கணிசமானவை அங்கிருந்து கப்பலேறி வந்தவை என்பது இன்னொரு காரணம். அமெரிக்கப் பலகைகளைப் பற்றியும் இடையில் சிறிது வரும்.

எனாமலா, அச்சுத் தகரமா

பேச்சு வழக்கில் இரண்டையும் "தகர போர்டு" என்றே சொல்லிவிடுகிறோம். ஆயினும் இரண்டும் வெவ்வேறு தொழில்கள், வெவ்வேறு ஆலைகள். எனாமல் பலகை என்பது இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளை உருக்கி ஒட்டவைத்தது. தகரப் பலகை என்பது வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டின்மேல் மை கொண்டு அச்சிட்டு, மேலே வார்னிஷ் பூசியது.

வேறுபாட்டை அறிய ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை. பலகையைக் கையில் தூக்கினால் எனாமல் கனக்கும்; தகரம் அசைத்தால் வளைந்து ஓசையிடும். விரல்நுனியை எழுத்தின்மேல் மெதுவாக ஓட்டினால் எனாமலில் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்குச் செல்லும்போது மெல்லிய படி ஒன்று தட்டுப்படும். தகரத்தில் அச்சு சமதளமாக இருக்கும். எழுத்து மேடாக இருந்தால் அது தகட்டையே அழுத்திப் புடைக்கவைத்ததாக இருக்கும், பின்புறத்தில் அதே இடம் பள்ளமாகத் தெரியும். சேதமான இடமும் உண்மை பேசும். எனாமல் அடிபட்டால் சில்லாகத் தெறிக்கும். அச்சுத் தகரம் கீறலாகவும் உரிவாகவும் கெடும். அமெரிக்கர்கள் எனாமல் பலகையைப் "போர்சலின்" பலகை என்றே அழைப்பார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்நாட்டு விற்பனைப் பட்டியல்களைப் படிக்கும்போது பீங்கான் என்று குழம்ப நேராது.

பலகை உருவான விதம்

செய்முறையை அறியாதவருக்கு அடையாளங்களைச் சொல்லிப் பயனில்லை என்பதால் இந்தப் பகுதியில் சற்று நின்று போவது நல்லது.

முதலில் இரும்புத் தகட்டை அளவாக வெட்டி, விளிம்புகளைச் சீர்படுத்தி, மாட்டுவதற்கான துளைகளைக் குத்திவிடுவார்கள். துளை முதலில், எனாமல் பிறகு என்ற இந்த வரிசையை மறக்கக் கூடாது, ஏனெனில் அசல் பலகையில் துளையின் உள்விளிம்பிலும் எனாமல் வழிந்து படிந்திருக்கும். பின்னாளில் துளைபோட்ட பலகையிலோ உள்விளிம்பு வெறும் இரும்பாகப் பளபளக்கும், சுற்றிலும் கண்ணாடி சிதறியிருக்கும். துளையிட்ட தகட்டை எண்ணெய்ப் பிசுக்கு நீங்கச் சுத்தம் செய்து, அமிலத் தொட்டியில் ஊறவைத்துத் துருவும் செதிலும் போக்கி, கழுவி உலர்த்துவார்கள்.

கண்ணாடித் தூளுக்கான சரக்கு குவார்ட்ஸ் மணல், பெல்ஸ்பார், வெண்காரம், சோடா உப்பு முதலியவை. இவற்றை உருக்கி, கொதிக்கும் நிலையிலேயே தண்ணீரில் கொட்டினால் பொரிந்து நொறுங்கும். அந்த நொறுங்கலை அரைத்துக் களிமண்ணும் நீரும் சேர்த்துக் குழம்பாக்கினால் பூச்சு தயார். தகட்டின்மேல் ஏறும் முதல் பூச்சில் கோபால்ட், நிக்கல் ஆகியவற்றின் ஆக்சைடுகள் சிறிதளவு கலந்திருக்கும். இரும்பையும் கண்ணாடியையும் பற்றவைப்பவை இவையே. இந்த அடிப்பூச்சு கருநீலமாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும். இதை இரண்டு பக்கமும் பூசுவார்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிச் சுட்டால், ஆறும்போது கண்ணாடியும் இரும்பும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் தகடு கோணிக்கொள்ளும். பழைய பலகையின் பின்புறம் பெரும்பாலும் இருண்ட நிறத்தில் புள்ளியும் வழிவுமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

பூசி உலர்ந்த தகட்டை 800 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் சில நிமிடங்கள் உலையில் வைத்து எடுப்பார்கள். அதன்மேல் வெள்ளையோ மஞ்சளோ பின்னணி நிறம், மீண்டும் உலை. பிறகு எழுத்து. எழுத்துக்குரிய நிறத்தைப் பலகை முழுவதும் பூசி உலரவைத்து, அதன்மேல் வெட்டிய தகட்டு ஸ்டென்சிலை வைத்து, வேண்டாத இடத்துத் தூளைத் தூரிகையால் துடைத்து அகற்றி, மறுபடியும் சுடுவார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்டென்சில், ஒரு சூடு. குறைந்த வெப்பத்தில் உருகும் நிறங்கள் கடைசியில் ஏறும். ஐந்து நிறப் பலகை அதன் காலத்திலேயே ஏன் விலையுயர்ந்த பொருளாக இருந்தது என்பது இதிலிருந்து விளங்கும். உருப்பெருக்கியால் எழுத்தின் ஓரத்தைப் பார்த்தால், தூரிகை துடைத்த தடம் சில இடங்களில் மென்மையான சிலும்பலாகத் தெரியும். 1930களுக்குப் பின் சில்க் ஸ்கிரீன் முறை (மெல்லிய துணி வலை வழியே நிறத்தை அழுத்திப் பதிப்பது) மெல்ல மெல்லப் பரவியபோது எழுத்து ஓரம் கூர்மையானது, நிறத்தின் கனமும் குறைந்தது. வெள்ளைப் பூச்சிலும் ஒரு மாற்றம் உண்டு: முன்பு வெள்ளீய ஆக்சைடு, ஆன்டிமனி போன்றவை தந்த சற்றே பால்கலந்த, தடித்த வெண்மைக்குப் பதிலாக, இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் டைட்டானியம் வெண்மை வந்தது. அது மெல்லிதாகப் பூசினாலும் பளிச்சென்று மறைக்கும். 1900ஆம் ஆண்டுப் பலகை என்று சொல்லப்படுவது குளிர்பதனப் பெட்டியின் வெண்மையில் மின்னினால் கேள்வி கேட்பது நியாயம்.

ஆலையின் பெயரைத் தேடுதல்

பெயர் பெரும்பாலும் கீழ் விளிம்பின் வலது அல்லது இடது மூலையில், மாட்டும் துளைக்கு அருகில் இருக்கும். சில பலகைகளில் சட்டத்தின் அடியில் மறைந்துவிடும். ஆகவே மரச்சட்டத்தில் இருக்கும் பலகையைச் சட்டத்திலிருந்து எடுத்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. மெல்லிய நிறத்தில் இருந்த பெயர் வெயிலிலும் மழையிலும் தேய்ந்து போயிருந்தால், இருட்டறையில் கைவிளக்கைப் பலகையின் பக்கவாட்டில், ஏறக்குறையத் தகட்டோடு படியும் கோணத்தில் பிடித்துப் பாருங்கள். நிறம் போனாலும் எழுத்து இருந்த இடத்தில் பளபளப்பு மாறியிருக்கும். பல நேரங்களில் முழுப் பெயரையும் வாசித்துவிடலாம்.

பிரிட்டனில் இத்தொழிலின் தாயகம் பர்மிங்காமும் அதைச் சுற்றிய இரும்பு, நிலக்கரி வட்டாரமும். அங்கே பெஞ்சமின் பாஹ் என்பவர் 1859இல் உலோகப் பரப்புக்கு மெருகும் அலங்காரமும் ஏற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். விளம்பரப் பலகைகளுக்கென்றே எழுந்த பெரிய ஆலை, 1889இல் பர்மிங்காமின் செல்லி ஓக் பகுதியில் தொடங்கிய பேட்டன்ட் எனாமல் கம்பெனி. "பேட்டன்ட் எனாமல்" என்ற சொற்களைப் பலகையில் காண்பவர் சிலர், அது பூச்சின் வகையைக் குறிக்கிறது என்று எண்ணிவிடுகிறார்கள். ஊர்ப் பெயரும் கூட இருந்தால் அது இந்த ஆலையின் முத்திரையாகவே இருக்கக்கூடும். அதே ஊரின் இம்பீரியல் எனாமல் கம்பெனி, வுல்வர்ஹாம்ப்டனில் இருந்த குரோமோகிராஃபிக் எனாமல் கம்பெனி, பில்ஸ்டன் ஊரின் ஜோர்டன் நிறுவனம், ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க் இரும்பாலை, லண்டனின் கார்னியர், பாமர்ஸ் கிரீனின் புரூட்டன் ஆகியவை அடிக்கடி தென்படும் பெயர்கள். குரோமோகிராஃபிக் ஆலை தன் பெயரைச் சுருக்கி "குரோமோ" என்று மட்டும் பொறித்ததும் உண்டு. படங்களோடு கூடிய பலவண்ணப் பலகைகளில் அந்தச் சொல்லைக் கண்டால் சற்றுக் கவனமாகப் பாருங்கள். பில்ஸ்டனைப் பொறுத்தவரை, விளம்பரப் பலகைகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, செம்பின்மேல் எனாமல் ஏற்றிய சிறு பெட்டிகளுக்கு அந்த ஊர் பெயர்பெற்றிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. விளிம்பில் உள்ள பெயர் எப்போதும் உலை வைத்திருந்தவரின் பெயராக இருக்க வேண்டியதில்லை. விளம்பர ஒப்பந்தக்காரர்கள் பலகைகளை ஆலைகளில் செய்வித்துத் தம் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். ரயில் நிலையச் சுவர்களில் விளம்பர உரிமை எடுத்து நடத்திய லண்டன் வில்லிங் நிறுவனத்தின் பெயர் இப்படிச் சில பலகைகளில் வரும். அது பலகையின் வரலாற்றில் ஒரு பகுதிதான் என்றாலும், ஆலையின் பெயராக அதைப் பதிவு செய்யக் கூடாது.

பெயரைவிட முகவரி அதிகம் சொல்லும் நேரங்களும் உண்டு. லண்டனின் அஞ்சல் வட்டங்களுக்கு எண்கள் சேர்க்கப்பட்டது 1917இல். எனவே "லண்டன் என்.டபிள்யூ." (வடமேற்கு வட்டம்) என்று எழுத்து மட்டும் இருப்பது பழைய வழக்கைக் காட்டும், எழுத்தோடு 10, 13 போன்ற எண்ணும் இருந்தால் பலகை 1917க்கு முந்தையதாக இருக்க முடியாது. எண் வந்த பிறகும் பழக்கத்தால் எண்ணின்றி எழுதியவர்கள் உண்டு என்பதால், இந்தச் சான்று ஒரு திசையில்தான் உறுதியானது. அரச குடும்பத்துக்குப் பொருள் வழங்குவோர் என்ற வரி இருந்தால் அது அரசரையா, அரசியையா குறிக்கிறது என்று பாருங்கள். விக்டோரியாவின் ஆட்சி 1901இல் முடிந்தது. அடுத்து அரசியின் ஆட்சி தொடங்கியது 1952இல்தான். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் ஆட்சி செய்தவர்கள் எல்லாரும் அரசர்கள்.

அமெரிக்காவில் எனாமல் பலகைத் தொழில் வேரூன்றியதிலும் பிரிட்டிஷ் கைகள் உண்டு. பென்சில்வேனியாவின் பீவர் ஃபால்ஸ் ஊரில் 1901இல் இங்ராம்-ரிச்சர்ட்சன் ஆலையைத் தொடங்கிய இருவரும் இங்கிலாந்திலிருந்து சென்றவர்கள். "இங்-ரிச்" என்ற சுருக்கமான முத்திரை அவர்களுடையது. மேரிலாந்தின் பால்டிமோர் எனாமல் நிறுவனம், சிகாகோவின் பர்டிக், டல்லஸின் டெக்ஸ்லைட் ஆகியவையும் அறியத்தக்க பெயர்கள். அச்சுத் தகரத்துக்கு ஒஹாயோ மாநிலத்தின் கோஷாக்டன் என்ற சிற்றூரே தலைநகர் போல விளங்கியது. ஜாஸ்பர் மீக், ஹென்றி பீச் என்ற இரண்டு செய்தித்தாள்காரர்கள் தங்கள் அச்சு இயந்திரம் சும்மா நிற்கும் நேரத்தைப் பயன்படுத்த விளம்பரப் பொருள்களை அச்சிடத் தொடங்கி, அது தகரப் பலகைகளாகவும் தட்டுகளாகவும் பெருகியது. கோகோ-கோலாவின் பழைய தட்டுகள் பலவற்றில் காணப்படும் அமெரிக்கன் ஆர்ட் வொர்க்ஸ் என்ற பெயர் இந்த ஊருக்குரியது. பிற்கால அமெரிக்கத் தகரப் பலகைகளில் "ஏ-எம் 5-61" என்பது போன்ற குறி விளிம்பில் இருந்தால், முதல் பகுதி ஆலையையும் பின்னுள்ள எண்கள் மாதத்தையும் ஆண்டையும் குறிக்கும். இப்படி நேரடியாகக் காலம் சொல்லும் பலகை கிடைப்பது சேகரிப்பவரின் நல்வாய்ப்பு.

பெயரே இல்லாத பலகைகளும் ஏராளம். அவற்றை மதிப்பற்றவை என்று தள்ளுவது சரியன்று. அவற்றின் காலத்தைத் தகடும் பூச்சும் எழுத்தும் விளம்பரம் செய்த நிறுவனத்தின் பெயரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்.

தமிழ் எழுத்துள்ள பலகைகள்

காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் பாத்திரங்களுக்கு நடுவே இத்தகைய பலகைகளும் தலைகாட்டும். இவற்றைத் தேதியிடுவதில் தமிழ் வாசகருக்கு ஒரு சலுகை உண்டு, அதை வெளிநாட்டு நிபுணர் எவரும் பெற முடியாது.

தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது 1978இல். அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் முன்னால் யானைத் துதிக்கை போல வளைந்த கொம்போடு எழுதப்பட்டன. ணா, றா, னா ஆகிய மூன்றும் தனிக் கால் இல்லாமல் எழுத்தோடே சுழித்து முடிந்தன. இவற்றைச் சார்ந்த ஒகர, ஓகார வரிசை எழுத்துகளும் அவ்வாறே. பெரியார் 1935 முதல் "குடி அரசு" இதழில் புதிய வடிவங்களைக் கையாண்டார் என்றாலும் வணிக விளம்பரங்கள் பொதுவாகப் பழைய வடிவத்திலேயே நின்றன. ஆகவே "விலை", "விற்பனை", "தலைவலி" போன்ற சொற்கள் பலகையில் இருந்தால் முதலில் அங்கே கண்ணை வையுங்கள். அதிலும் "அணா" என்ற சொல் கிடைத்துவிட்டால் தேடல் பாதி முடிந்தது. இந்தியாவில் தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரலில். அணாவில் விலை சொல்லும் பலகை பெரும்பாலும் அதற்கு முந்தையதாகவே இருக்கும். அப்படியானால் அதிலுள்ள ணா பழைய சுழி வடிவத்தில்தான் இருக்க வேண்டும். அணாவில் விலையும் இன்றைய கணினி எழுத்துருவில் ணாவும் ஒன்றாக இருக்கும் பலகையைக் கண்டால், அதன் துருவைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. மறுதலையாக, பழைய வடிவம் இருப்பது மட்டும் பழமைக்குச் சான்றாகாது. 1978க்குப் பிறகும் பல ஆண்டுகள் பழைய கை பழைய வழியிலேயே எழுதியது.

விளம்பரம் செய்த நிறுவனத்தின் பெயரும் காலம் காட்டும். பர்மா-ஷெல் எண்ணெய் நிறுவனம் இந்தியாவில் அமைந்தது 1928இல், 1976இல் அரசுடைமையானது. ஸ்டாண்டர்டு-வாக்குவம் என்ற எண்ணெய் நிறுவனப் பெயர் 1933க்கு முன் கிடையாது. சன்லைட் சோப் 1888இலேயே கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கியது, ஆனால் அந்தச் சோப்பு நிறுவனத்தின் லீவர் பிரதர்ஸ் இந்தியா என்ற கம்பெனி 1933இலும், ஹிந்துஸ்தான் லீவர் என்ற பெயர் 1956இலும் வந்தவை. அஞ்சல் குறியீட்டு எண் ஆறு இலக்கத்தில் இருந்தால் பலகை 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. நயா பைசா என்று எழுதியிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

எல்லாப் பலகையும் கப்பலில் வந்தவையல்ல. கல்கத்தா வட்டாரத்தில் பெங்கால் எனாமல் வொர்க்ஸ், சுர் எனாமல் அண்டு ஸ்டாம்பிங் வொர்க்ஸ் முதலிய இந்திய ஆலைகள் எனாமல் தொழிலில் ஈடுபட்டிருந்தன. இத்தகைய உள்நாட்டு முத்திரை கிடைத்தால் ஏமாற்றம் அடையாதீர்கள். பர்மிங்காம் பலகைகளைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு இவற்றைப் பற்றி எழுதப்படவில்லை என்பதால், பதிவு செய்ய வேண்டிய தேவை இங்கேதான் அதிகம்.

போலியைப் பிரித்தல்

நினைவுப் பொருளாக, புதியது என்று சொல்லியே விற்கப்படும் மறுபதிப்புகளில் தவறேதும் இல்லை. புதியதைப் பழையதாக்கி விற்பதுதான் சிக்கல். அப்படிப்பட்ட சரக்கு நம் நாட்டுப் பட்டறைகளிலிருந்தே நிறையப் போகிறது என்பதை மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அதை மறுக்க நம்மிடம் வலுவான காரணம் இல்லை.

காந்தத்தை முதலில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது அலுமினியம்; பழைய எனாமல் பலகையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒட்டினால் அதனால் எதுவும் உறுதியாகிவிடாது. அடுத்து, சில்லு தெறித்த இடத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். மேல்நிறம், அதன் கீழ் வெள்ளை, அதன் கீழ் கருநிற அடிப்பூச்சு, அதன் கீழ் இரும்பு என்று படிப்படியாக இறங்க வேண்டும். நிறத்துக்குக் கீழே நேரடியாக இரும்பு தெரிந்தால் அது பெயின்டாகவோ மட்டமான ஒற்றைப் பூச்சாகவோ இருக்கும். குண்டூசி முனையைப் பின்புற மூலையில் மெதுவாக அழுத்தி இழுத்தால் கண்ணாடியில் வழுக்கும், பெயின்டில் கீறும். பழுதுபார்த்த இடத்தைக் கண்டறிய, பஞ்சில் சிறிது அசிட்டோன் தொட்டுத் துடைக்கலாம். எனாமல் அசையாது, பின்னாளில் பூசிய நிறம் பஞ்சில் ஏறும். இந்தச் சோதனையை அச்சுத் தகரத்தில் ஒருபோதும் செய்யக் கூடாது. வார்னிஷும் மையும் சேர்ந்து போய்விடும்.

சேதத்துக்கும் ஒரு நியாயம் இருக்க வேண்டும். உண்மையான பலகையில் திருகாணியை இறுக்கியதால் துளைகளைச் சுற்றியும், தண்ணீர் தங்கியதால் கீழ் விளிம்பிலும், வண்டியும் ஏணியும் உரசியதால் மூலைகளிலும் சேதம் இருக்கும். சிறுவர்கள் கல்லெறிந்த தழும்பு நடுவில், பெரும்பாலும் குறிபார்க்கத் தூண்டும் முகமோ வட்டமோ இருக்கும் இடத்தில் விழும். சுத்தியலால் தட்டிய போலிச் சேதமோ ஒரே அளவில், சீரான இடைவெளியில், எழுத்துகளைத் தவிர்த்து அமைந்திருக்கும். வாங்குகிறவர் எழுத்து கெடாமல் இருப்பதை விரும்புவார் என்று செய்தவருக்குத் தெரியும். பழைய துரு கருமை கலந்த பழுப்பில் இறுகி, சில்லின் ஓரக் கண்ணாடிக்குள்ளும் கறையாக ஊறியிருக்கும். அமிலமோ உப்புநீரோ தெளித்து வரவழைத்த துரு செம்மஞ்சளாக, தொட்டால் விரலில் ஒட்டும் பொடியாக இருக்கும்.

அளவும் சித்திரமும் கவனிக்கத்தக்கவை. ஒரே விளம்பரம் எல்லா அளவிலும் கிடைத்தால், அல்லது ஒரு காலத்தில் தாளில் மட்டும் வந்த சித்திரம் திடீரென்று எனாமலில் கிடைத்தால், ஐயப்பட இடமுண்டு. பெயர்பெற்ற ஆலையின் முத்திரை இருப்பதும் முடிவான சான்றாகாது. பழைய பெயரில் இன்றும் இயங்கும் நிறுவனங்கள் உள்ளன. எனாமல் பலகைத் தொழிலும் அற்றுப்போய்விடவில்லை, லண்டன் சுரங்க ரயிலுக்கான பலகைகள் இன்றும் எனாமலில்தான் செய்யப்படுகின்றன.

அச்சுத் தகரத்தைப் பார்க்கும் முறை

தகரத்தில் நேரடியாகக் கல்லச்சு (கல்லில் வரைந்த படத்தை மையிட்டுப் பதிக்கும் முறை) பதிப்பது கடினம். கல்லும் உலோகமும் இரண்டுமே இறுகலானவை. லண்டனைச் சேர்ந்த ராபர்ட் பார்க்ளே, இடையில் ஓர் உருளையை வைத்து அதன்மேல் படத்தை ஏற்றி, அங்கிருந்து தகரத்துக்கு மாற்றும் முறைக்கு 1875இல் காப்புரிமை பெற்ற பின்னரே பலவண்ணத் தகரப் பலகைகளும் பிஸ்கட் பெட்டிகளும் பெருகின.

பழைய கல்லச்சில் ஒவ்வொரு நிறமும் தனி மையாக, ஓவியர் கையால் இட்ட ஒழுங்கற்ற புள்ளிகளாக இருக்கும். எட்டு, பத்து நிறங்கள் சாதாரணம். உருப்பெருக்கியின் கீழ் நான்கே நிறங்களின் சீரான புள்ளி வலை மட்டும் தெரிந்தால், பழைய பலகையைப் படமெடுத்து அச்சிட்ட மறுபதிப்பு என்று கொள்ளலாம். சிறு எழுத்துகளின் ஓரமும் புள்ளிகளால் ஆனதாக இருந்தால் ஐயமே வேண்டாம். மடிந்த விளிம்பு கூர்மையாக இருந்து கையைக் கீறினால் அதுவும் புதியதன் குறியே. பழைய தகரப் பலகைகளின் விளிம்பு உருட்டி மடிக்கப்பட்டிருக்கும், அல்லது உள்ளே தடித்த அட்டை வைத்து மூடியிருக்கும்.

துடைப்பதும் மாட்டுவதும்

எனாமலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் பருத்தித் துணியும் போதும். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போடும் பழக்கத்தில் பலகைக்கும் புளியோ எலுமிச்சையோ தேய்ப்பவர்கள் உண்டு. பழைய நிறப்பூச்சுகளில் பல புளிப்பைத் தாங்காமல் பளபளப்பை இழந்து வெளுத்துவிடும். தேங்காய் நார், இரும்பு நார், உப்புத்தாள் எதுவும் கூடாது. பழைய பூச்சுகளில் ஈயமும் காட்மியமும் இருக்கக்கூடும் என்பதால் சில்லு தெறித்த இடத்தை அரத்தால் ராவித் தூளைக் கிளப்புவது பலகைக்கு மட்டுமன்றி ராவுகிறவருக்கும் கேடு. துருவேறிய புள்ளிகளை உலர்த்தித் துடைத்து, மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்தால் போதுமானது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இருப்பதால் ஆண்டுக்கொரு முறை மெழுகைப் புதுப்பிக்க வேண்டும். அச்சுத் தகரத்தைத் தண்ணீரில் நனைக்கவே வேண்டாம், உலர்ந்த மெல்லிய துணியால் தூசியை எடுத்தாலே போதும். காணாமற்போன எழுத்தைப் பெயின்டால் நிரப்பித் தரும் கைவினைஞர்கள் கிடைப்பார்கள். நிரப்பிய பலகை தூரத்தில் அழகாகத் தெரிந்தாலும், நான் அதை விரும்புவதில்லை, விற்கும்போது வாங்குகிறவரும் விரும்புவதில்லை.

மாட்டும்போது திருகாணியின் தலைக்கும் எனாமலுக்கும் இடையே ரப்பர் அல்லது நைலான் வாஷர் வைத்து, பலகை சிறிது அசையும் அளவுக்கே இறுக்குங்கள். வெயிலில் இரும்பும் சுவரும் வெவ்வேறு அளவில் விரியும். இறுகப் பிடித்த துளையில்தான் முதல் சில்லு தெறிக்கும். பலகைக்குப் புதிய துளை போடுவதைக் காட்டிலும் விளிம்பைத் தாங்கும் கொக்கி வைப்பது மேல்.

ஒவ்வொரு பலகைக்கும் அளவு, முன்பின் படங்கள், விளிம்பு முத்திரையின் அண்மைப் படம், கிடைத்த ஊர் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்ப நேர்ந்தால் இந்தக் குறிப்பு உடனே பயன்படும், ஏனெனில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை; பலகை அந்த வரம்புக்குள் வராது என்று காட்ட இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று பெற்ற பிறகே கட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும்.